சீகிரியாவில் எடுத்த வீடியோவை எங்கே வைப்பது?

1889ஆம் ஆண்டில் பொதுவேலைத் திணைக்களத்தைச் சேர்ந்த அலிக் மரே, சீகிரியாக் குன்றின் மேற்கு முகத்தில் துளையிட்டு இரும்புக் கம்பிகளை இறுக்கி, அவற்றைப் பிடித்து ஓவியக் குகைக்குள் ஏறினார். கீழே நின்று அண்ணாந்து பார்க்க மட்டுமே முடிந்திருந்த அந்தப் பெண் உருவங்களின்மேல் மெல்லிய தாளை வைத்து, வண்ணச் சுண்ணக் கோல்களால் கோடு கோடாகப் பிரதி எடுத்தார். ஏழெட்டு ஆண்டுகள் கழித்து, தொல்லியல் ஆணையாளர் எச். சி. பி. பெல்லின் காலத்தில், டி. ஏ. எல். பெரேரா என்ற ஓவியர் அதே குகையில் இருந்து எண்ணெய் வண்ணத்தில் பிரதிகள் தீட்டினார். அவை கொழும்பு நூதனசாலைக்குப் போய்ச் சேர்ந்தன.

1967 ஒக்டோபரில் ஓர் இரவு, யாரோ அந்தக் குகைக்குள் புகுந்து ஓவியங்களின்மேல் பச்சை வண்ணத்தை அள்ளிப் பூசினார்கள். சில இடங்களைக் கொத்தியும் சிதைத்தார்கள். லூச்சியானோ மரன்சி என்ற இத்தாலிய நிபுணர் வந்து உழைத்து வண்ணத்தை அகற்றினார். கொத்தப்பட்ட பகுதிகளை அவராலும் மீட்க முடியவில்லை. அந்த இடங்களில் முன்பு என்ன இருந்தது என்பதை இன்று நமக்குக் காட்டுபவை, முன்னமே எடுத்து வேறு ஊரில் வைக்கப்பட்ட பிரதிகளும் ஒளிப்படங்களும்தான்.

இந்தக் கதையில் வீட்டு வீடியோவுக்கான பாடம் முழுவதும் இருக்கிறது. பிரதி மூலத்திலிருந்து நேராக எடுக்கப்பட்டது. சேதம் வருவதற்கு முன்பே எடுக்கப்பட்டது. வீதிவழி சுமார் 170 கிலோமீற்றர் தள்ளி வைக்கப்பட்டது.

ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளில் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் பஸ் பிடித்துச் சீகிரியாவுக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். ரொறொன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருபவர்கள் மாத்தளை முத்துமாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டுத் தம்புள்ளை வழியாக இனாமலுவச் சந்தியில் திரும்புகிறார்கள். ஏறக்குறைய 1200 படிகள். ஓவியக் குகையில் படம் எடுக்கத் தடை. மற்ற இடங்களில் எல்லாம் கை உயர்ந்தபடியே இருக்கும். நீர்த் தோட்டத்தில் பிள்ளைகள் ஓடுவது, சிங்கப் பாதத்தடியில் அம்மம்மா மூச்சு வாங்க உட்கார்ந்திருப்பது, உச்சியில் காற்றில் சேலை பறப்பது. இருபது வருடம் போனால் அம்மம்மா இருக்கமாட்டார். அந்த மூன்று நிமிடக் காட்சிக்கு விலையே கிடையாது.

அந்தக் காட்சி இப்போது எங்கே இருக்கிறது? பெரும்பாலும் ஒரு கைப்பேசியில். கூடவே வட்சப் குழு ஒன்றில், மங்கிய வடிவில். இந்த நிலையிலிருந்து அதை மீட்டு, கணினி வழியாக ஒரு புளூ-ரே வட்டில் எழுதி வைப்பது வீட்டளவில் இன்றும் செய்யத்தக்க நல்ல காரியம் என்பது என் உறுதியான கருத்து. வட்டு பழைய சங்கதி என்று நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. முழு உயர்தரக் காட்சி ஒன்றில் அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள். மொத்தம் 20 இலட்சத்துக்கு மேல். ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் 24 பிட். செக்கனுக்கு 25 சட்டகம் என்று வைத்தால் செக்கனுக்கு 124 கோடி பிட், அதாவது 155 மெகாபைற். சுருக்காமல் அப்படியே எழுதினால் 25 ஜிகாபைற் கொண்ட புளூ-ரே வட்டு 160 செக்கனில் நிரம்பிவிடும். நீர்த் தோட்டத்தைத் தாண்டுவதற்குள் வட்டு முடிந்துவிடும்.

ஆகவே கமராவே எடுக்கும்போதே சுருக்குகிறது. 2003இல் வெளிவந்த எச்.264 என்ற முறையும் அதற்குப் பின் வந்த எச்.265 முறையும் ஒரே தந்திரத்தை நம்பியிருக்கின்றன. ஒரு சட்டகத்தை முழுமையாகச் சேமிக்கும். அடுத்து வரும் சட்டகங்களில் என்ன நகர்ந்தது, எவ்வளவு நகர்ந்தது, மிச்சம் என்ன வேறுபாடு என்பதை மட்டும் குறித்துவைக்கும். கமராவை ஒரு தாங்கியில் ஊன்றிக் குன்றைப் படம் பிடித்தால், 180 மீற்றர் உயரப் பாறை அசையாது. அதற்கு மிகச் சில பிட்களே போதும். மழைக்காலத்தில் நீர்த் தோட்டத்து ஊற்றுகள் இப்போதும் பீச்சியடிக்கும். அந்தத் துளிகளும் காட்டில் காற்றில் ஆடும் இலைகளும் ஒவ்வொரு சட்டகத்திலும் புதிதாக இருப்பவை. அவை பிட்களைத் தின்னும். படியேறிக்கொண்டே கைநடுங்க எடுத்த படத்தில் பாறையும் சேர்ந்து ஆடுகிறது, அதுவும் தின்னும். ஒரே நீளமுள்ள இரண்டு வீடியோக்களின் கோப்பு அளவு ஏன் வேறுபடுகிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். கிடைக்கும் பிட் போதாதபோது இலைத்தொகுதி சதுரம் சதுரமாக உடைந்து தெரியும்.

இதிலிருந்து முக்கியமான ஒன்று தெரியவருகிறது. கமரா ஒருமுறை வீசியதைத் திரும்பப் பெற வழியில்லை. வட்சப்பில் அனுப்பும்போது அது இன்னொரு முறை சுருக்கி, இன்னும் வீசுகிறது. அதைத் தரவிறக்கி ஒரு மென்பொருளில் போட்டு வட்டு வடிவத்துக்கு மாற்றினால் மூன்றாம் முறை. மரே பாறையில் தாளை வைத்துப் பிரதி எடுத்தார். பிரதியின் பிரதியைப் பார்த்து எடுக்கவில்லை. வட்டில் எழுதவேண்டியது கைப்பேசியிலோ கமராவின் மெமரி கார்ட்டிலோ பிறந்த அதே கோப்பு.

2006இல் சோனியும் பனசொனிக்கும் சேர்ந்து கொண்டுவந்த ஏவிசிஎச்டி வகைக் கமராக்கள் பல வீடுகளில் இன்னும் கிடக்கின்றன. கல்யாணம், சாமத்தியவீடு, கோயில் தேர் எல்லாம் அவற்றில்தான் எடுக்கப்பட்டன. அவற்றின் கார்ட்டைத் திறந்தால் கோப்புறைக்குள் கோப்புறையாக இருக்கும். உள்ளே எம்டிஎஸ் என்று முடியும் துண்டுகள். நீண்ட காட்சியைக் கமரா 2 அல்லது 4 ஜிகாபைற்றுக்கு ஒருமுறை வெட்டிக்கொண்டே போகும். பலர் அந்தத் துண்டுகளை மட்டும் இழுத்து எடுத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுகிறார்கள். எந்தத் துண்டு எதனோடு சேர்கிறது, எந்த நாளில் எடுத்தது என்ற விபரம் மற்றக் கோப்புகளில் இருக்கிறது. கோப்புறையை அப்படியே முழுதாகக் கொப்பி செய்யவேண்டும்.

இனி வட்டுக்குள் போவோம். 

இறுவட்டாக இருந்தாலும் டிவிடியாக இருந்தாலும் புளூ-ரே ஆக இருந்தாலும் உள்ளே இருப்பது மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுற்றிச் செல்லும் ஒரே சுருள் தடம். தொழிற்சாலையில் அச்சிட்டு வரும் திரைப்பட வட்டில் அந்தத் தடத்தில் குழிகள் உண்டு. நாம் வாங்கும் வெற்று வட்டில் வழிகாட்டும் பள்ளம் மட்டும் இருக்கும். குழிகளுக்குப் பதிலாக வெப்பம் பட்டால் மாறும் ஒரு படலம். வட்டு எழுதும் கருவியான ரைட்டரின் லேசர் அதிகத் திறனில் மின்னி மின்னி அந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாகச் சூடாக்குகிறது. சூடுபட்ட இடம் ஒளியை வேறுவிதமாகப் பிரதிபலிக்கும். பின்னர் அதே லேசர் மெல்லிய ஒளியில் தடத்தைத் தடவிக்கொண்டு போகும்போது, திரும்பி வரும் ஒளி கூடுவதும் குறைவதும் எண்களாகின்றன.

எவ்வளவு எழுதலாம் என்பது லேசர் முனை எவ்வளவு கூர் என்பதைப் பொறுத்தது. மழுங்கிய எழுத்தாணியால் ஓலையில் நாலு வரி எழுதலாம். கூரிய எழுத்தாணி என்றால் எட்டு வரி. இறுவட்டில் பாவித்த லேசரின் அலைநீளம் 780 நனோமீற்றர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. டிவிடிக்கு 650, சிவப்பு. புளூ-ரேக்கு 405, நீல ஊதா. அலை குறுகும்போது புள்ளியும் சிறுக்கிறது. கூடவே வில்லையும் மாறியது: ஒளியை எவ்வளவு அகன்ற கூம்பாகக் குவிக்கிறது என்பதற்கான எண் 0.45இலிருந்து 0.60க்கும், பிறகு 0.85க்கும் ஏறியது. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், டிவிடியின் ஒளிப்புள்ளியைவிடப் புளூ-ரேயின் புள்ளி பரப்பளவில் ஐந்தில் ஒரு பங்கு. டிவிடி கொள்வது 4.7 ஜிகாபைற். புளூ-ரேயின் ஓர் அடுக்கு கொள்வது 25. ஐந்து மடங்குக்குச் சற்றே மேல். பௌதிகம் இவ்வளவு நேராகக் கடைச் சரக்கின் உறையில் வந்து நிற்பதைப் பார்க்கையில் எனக்கு இன்னும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது.

அந்த நீல ஊதா ஒளிக்காக உலகம் நெடுநாள் காத்திருந்தது. காலியம் நைத்திரைட்டு என்ற பொருளில் நல்ல பளிங்கு வளர்ப்பது முடியாத காரியம் என்று பெரிய நிறுவனங்கள் பல கைவிட்ட நிலையில், யப்பானின் இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, சுஜி நகமுரா ஆகியோர் விடாமல் முயன்று பிரகாசமான நீல ஒளி டயோட்டை உருவாக்கினார்கள். நகமுரா 1990களின் நடுவில் நீல ஊதா லேசரையும் செய்துகாட்டினார். மூவருக்கும் 2014இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. வீட்டு மின்குமிழில் எரியும் எல்ஈடியும் புளூ-ரே வட்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

புளூ-ரே வட்டில் மிகச் சிறிய குறியின் நீளம் 0.15 மைக்ரோமீற்றர். தலைமயிரின் தடிப்பில் அப்படிப்பட்ட குறிகள் நூற்றுக்கணக்கில் வரிசையாக நிற்கும். அவ்வளவு சிறிய எழுத்தை ஒரு தூசி மறைக்காதா, ஒரு கீறல் அழிக்காதா? மறைக்கும், அழிக்கும். அதனால்தான் வட்டில் தரவு நேர் வரிசையில் எழுதப்படுவதில்லை. ரைட்டர் முதலில் தரவோடு கூடுதல் சரிபார்ப்பு எண்களைச் சேர்க்கிறது; பிறகு எல்லாவற்றையும் கலைத்து விரித்து எழுதுகிறது. ஒரு கீறல் விழுந்தால் சேதம் ஒரே இடத்தில் குவியாமல் பல தொகுதிகளுக்குச் சிறிது சிறிதாகப் பங்கிடப்படும். ஒவ்வொரு தொகுதியிலும் தொலைந்த சில எண்களை மிச்சத்திலிருந்து கணித்து மீட்கலாம். ஏர்விங் ரீட், குஸ்தாவ் சொலமன் என்ற இரு கணித அறிஞர்கள் 1960இல் வெளியிட்ட முறை இது. சாதாரண இறுவட்டே 2.5 மில்லிமீற்றர் நீளச் சேதத்தைத் தாங்கி முழுமையாக வாசித்துவிடும்.

சேதம் எங்கே விழுந்தால் ஆபத்து என்பது வட்டுக்கு வட்டு வேறு. இறுவட்டில் தரவு, பெயர் எழுதும் மேற்பக்கத்துக்கு நேர் கீழே இருக்கிறது. வாசிக்கும் பக்கத்தைப் போற்றிக்கொண்டு மேற்பக்கத்தில் குமிழ்முனைப் பேனாவால் அழுத்தி எழுதினால் தரவையே கீறிவிடுவோம். டிவிடியில் இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒட்டப்பட்டிருக்கிறது. புளூ-ரேயில் வாசிக்கும் பக்கத்திலிருந்து வெறும் 0.1 மில்லிமீற்றர் ஆழத்தில் இருக்கிறது. அதனால் அந்தப் பக்கத்துக்குக் கடினமான பூச்சு கொடுக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், லேசர் சூடாக்கி எழுதும் அந்தப் படலம் எதனால் ஆனது என்பது. எழுதும் இறுவட்டிலும் டிவிடியிலும் அது சேதனச் சாயம். துணிச் சாயம் வெயிலில் வெளிறுவது போலவே இதுவும் ஒளியிலும் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையும். வெப்பம் பத்துப் பாகை ஏறினால் பல வேதிமாற்றங்களின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். வானின் முன்கண்ணாடி ஓரத்தில் கிடக்கும் டிவிடி எவ்வளவு விரைவில் கெடும் என்பதை யோசித்துக்கொள்ளலாம். 2000களில் நம் வீடுகளுக்குக் கல்யாணப் படம் எடுத்துத் தந்தவர்கள் மலிவான டிவிடிகளில்தான் எழுதித் தந்தார்கள். அவற்றில் பல இன்று சுழலும், ஆனால் வாசிக்காது.

பெரும்பாலான புளூ-ரே வட்டுகளில் சாயம் இல்லை. அசேதனப் பொருள். உதாரணமாக, செப்புக் கலப்புலோகமும் சிலிக்கனும் அடுத்தடுத்த மெல்லிய படலங்களாக இருக்கும். லேசர் பட்ட இடத்தில் இரண்டும் கலந்து ஒன்றாகிவிடும். கலந்ததைப் பிரிக்க முடியாது. ஆனால் கடையில் வாங்கும்போது உறையைத் திருப்பிப் பார்க்கவேண்டும். எல்டிஎச் என்று குறித்திருந்தால் அது சாயம் பூசிய மலிவு வகை. அதை நினைவுச் சேமிப்புக்கு வாங்க வேண்டாம்.

எவ்வளவு காலம் இருக்கும்? உற்பத்தியாளர்கள் 50, 100 என்று சொல்வார்கள். எம்-டிஸ்க் என்ற வகைக்கு, பாறை போன்ற படலம் என்று சொல்லி, 1000 ஆண்டு என்றே விளம்பரம் செய்தார்கள். 2009இல் அமெரிக்கக் கடற்படையின் சைனா லேக் ஆய்வுகூடம் கடும் வெப்பத்திலும் ஈரத்திலும் ஒளியிலும் வைத்துச் சோதித்தபோது எம்-டிஸ்க் மட்டும் தேறியது. பிரான்சின் தேசிய அளவியல் ஆய்வுகூடம் சோதித்தபோது அப்படிப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. கனடாவின் மரபுரிமைப் பேணல் நிறுவனம் மிக எச்சரிக்கையாகப் பேசுகிறது: எழுதும் புளூ-ரே வட்டுகளுக்கு அது தரும் மதிப்பீடு வகையைப் பொறுத்து 5 முதல் 20 ஆண்டு. எனக்கு இந்த எச்சரிக்கைக் குரல்தான் பிடித்திருக்கிறது. ஆயிரம் ஆண்டு வாக்குறுதியை நம்பி அலுமாரியில் பூட்டி வைப்பவரைவிட, பத்து ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துச் சோதித்துப் புதிய ஊடகத்துக்கு மாற்றுபவரின் வீடியோதான் பேரப்பிள்ளை கைக்கு வரும். நம் ஏடுகள் பிழைத்ததும் அப்படித்தான். ஓலை செல்லரிக்கும் என்று தெரிந்த மனிதர்கள், தலைமுறைக்குத் தலைமுறை பெயர்த்து எழுதினார்கள்.

அப்படியானால் வன்தட்டிலேயே வைத்துவிடலாமே என்று கேட்கலாம். வன்தட்டிலும் வைக்கவேண்டும். ஆனால் வன்தட்டு ஒரு நாளில், முன்னறிவிப்பின்றி, உள்ளிருக்கும் எல்லாவற்றோடும் நின்றுபோகும். பென் டிரைவில் தரவு என்பது சிறைப்பட்ட மின்னேற்றம். மின் கொடுக்காமல் பல வருடம் மேசை இழுப்பறையில் கிடந்தால் அது மெல்லக் கசியும். இணையச் சேமிப்பு வசதிதான், கட்டணம் கட்டும்வரை. கூகுள் நிறுவனம் 2023 டிசம்பரிலிருந்து, இரண்டு ஆண்டு பாவிக்கப்படாத தனிநபர் கணக்குகளை அழிக்கத் தொடங்கிவிட்டது. அப்பா காலமான பின் அவர் கணக்கில் இருக்கும் வீடியோக்களுக்கு இது என்ன அர்த்தம் என்று நினைத்துப் பாருங்கள். வட்டுக்கு ஒரு தனிக் குணம் இருக்கிறது. எழுதி முடித்துப் பூட்டிய பின் வைரஸாலும் அதை மாற்ற முடியாது, தவறான விசை அழுத்தலாலும் அழிக்க முடியாது, மின்னல் அடித்து வீட்டுக் கருவிகள் எரிந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. 2014இல் பேஸ்புக் நிறுவனமே, அதிகம் தொடப்படாத பழைய படங்களுக்காக, 10,000 புளூ-ரே வட்டுகள் கொண்ட அலுமாரி ஒன்றைக் காட்சிக்கு வைத்தது. ஓர் அலுமாரியில் ஒரு பெற்றாபைற்.

சீகிரியாவின் கண்ணாடிச் சுவரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. செங்கல் சுவரின்மேல் சுண்ணச் சாந்து பூசி மினுக்கியது அது. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் ஆண்டு முடிந்தபின், குன்றைப் பார்க்க வந்த பயணிகள் நூற்றாண்டுக் கணக்காக அதில் கூரிய முனையால் கவிதைகளைக் கீறிவிட்டுப் போனார்கள். இன்று அப்படிக் கீறினால் சட்டப்படி குற்றம். அன்று கீறியவை அழிக்க முடியாத எழுத்தாக இருந்ததால் நின்றன. இருந்தும் வெயிலும் மழையும் அவற்றைத் தேய்த்துக்கொண்டுதான் இருந்தன. தொல்லியலாளர் செனரத் பரணவிதான ஆண்டுக்கணக்கில் அந்தச் சுவரின்முன் நின்று வாசித்து, 685 பாடல்களை 1956இல் நூலாக வெளியிட்டார். கீறலும் பிரதியும் சேர்ந்துதான் அவற்றைக் காப்பாற்றியிருக்கின்றன. எழுதியவர்களில் பலர் தம் பெயரையும் ஊரையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். நம் வீட்டு வட்டுகளில் இல்லாதது அதுதான். வட்டைப் போட்டால் முகங்கள் வரும், யார் என்று சொல்ல ஆள் இருக்காது. வீடியோக்களோடு ஓர் எளிய எழுத்துக் கோப்பையும் வட்டில் சேருங்கள்: எந்த நாள், எந்த இடம், இடமிருந்து வலமாக யார் யார்.

செய்முறைக்கு வருகிறேன். யூஎஸ்பியில் பொருத்தும் புளூ-ரே ரைட்டர் ஒன்று வேண்டும். வட்டை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, கோப்புகளை உள்ளபடியே தரவாக எழுதுவது. மற்றது, தொலைக்காட்சியோடு இணைத்த பிளேயரில் போட்டதும் ஓடும்படி, முகப்புப் பட்டியலோடு புளூ-ரே அமைப்பில் தயாரிப்பது. இரண்டாவது பார்க்க வசதி, ஆனால் பெரும்பாலும் மறுபடி சுருக்கவேண்டி வரும். ஆகவே காப்பதற்குத் தரவு வட்டு, பார்ப்பதற்கு வேண்டுமானால் இன்னொன்று. கைப்பேசியில் 4கே தரத்தில் எச்.265 முறையில் எடுத்தது நிமிடத்துக்குச் சுமார் 170 மெகாபைற் வரும். ஒரு வட்டில் ஏறக்குறைய இரண்டரை மணிநேரம் கொள்ளும். பழைய ஏவிசிஎச்டி கமராவின் உச்சத் தரத்தில், செக்கனுக்கு 24 மெகாபிட் என்றால், இரண்டேகால் மணிக்குச் சற்று மேல். புளூ-ரே ரைட்டர் இல்லாதவர்கள் உயர்தர வீடியோவைச் சாதாரண டிவிடியிலும் தரவாக எழுதலாம். அரை மணி நேரக் காட்சிதான் கொள்ளும், சாயப் படலம் என்ற குறையும் உண்டு.

பிளேயரில் ஓடும் வட்டைக் கனடாவுக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் நாட்டுக் கமராக்கள் செக்கனுக்கு 25 சட்டகம் அல்லது 50 புலம் என்ற கணக்கில் எடுக்கும். வட அமெரிக்கப் பிளேயர்கள் பல அதை ஓட்டா, அங்கே கணக்கு 30, 60. அன்றைய விஎச்எஸ் நாடாக் காலத்தில் லண்டனில் ஓடிய கல்யாணப் படம் ரொறொன்ரோவில் ஓடாமல் போனதும் இதே பிரச்சினையால்தான். கைப்பேசி வீடியோவில் வேறு தொல்லை: ஒளி குறைந்தால் கைப்பேசி சட்டக வேகத்தைத் தானே குறைக்கும். வேகம் சீராக இல்லாத கோப்பைப் பிளேயர் வட்டாக மாற்றும்போது வாயசைவும் குரலும் பிரிந்துபோகும். ஹான்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் மாறாத சட்டக வேகம் என்பதைத் தெரிவு செய்துகொண்டால் சரியாகும். தரவு வட்டுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை.

எழுதும் வேகம் நடுத்தரமாக இருக்கட்டும். நான்கு மடங்கு வேகத்தில் 25 ஜிகாபைற் எழுத 23 நிமிடம் அளவில் போதும், அவசரப்பட ஒன்றுமில்லை. எழுதி முடித்ததும் வெரிஃபை என்ற சரிபார்ப்பைத் தவிர்க்கவே கூடாது. எழுதியதை வட்டிலிருந்து திரும்ப வாசித்து மூலத்தோடு ஒப்பிடும் அந்தப் படிக்கு இன்னொரு 23 நிமிடம் போகும். அது கொடுக்கவேண்டிய நேரம். வட்டில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம், பசையின் வேதிப்பொருளும் எடைச் சமனின்மையும் கெடுதி. நடுவிலுள்ள தெளிந்த வளையத்தில் மெல்லிய முனைப் பேனாவால் எழுதினால் போதும். பெட்டியில் இட்டு, நிமிர்த்தி, இருட்டான அலுமாரியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொதி ஒன்றோடு வையுங்கள். பூஞ்சணம் பிடிக்கும் அறையில் எதுவும் தேறாது.

இனித்தான் மிக முக்கியமான படி: இரண்டாவது கொப்பி வேறு ஊருக்குப் போகவேண்டும். பீட்டர் குரோ என்ற ஒளிப்படக் கலைஞர் பரப்பிய கணக்கு இது: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். இலங்கைத் தமிழருக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் தீயில் போயின. வேறெங்கும் பிரதியில்லாதவை அன்றோடு முடிந்தன. 1995 இடப்பெயர்வில் எத்தனை வீடுகளின் அல்பங்கள் பின்னால் விடப்பட்டன, 2004 ஆழிப்பேரலை எத்தனை வீடுகளின் கல்யாணக் கசற்றுகளைக் கொண்டுபோனது! வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பிய கொப்பிகள்தான் பல குடும்பங்களுக்கு மிஞ்சியவை. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் நம் அச்சு நூல்களுக்கும் இதழ்களுக்கும் அந்தக் காவலைச் செய்கிறது. ஆனால் உங்கள் வீட்டு அம்மம்மா சிங்கப் பாதத்தடியில் சிரிக்கும் காட்சியை எந்த நிறுவனமும் தேடி வந்து காக்காது. அது உங்கள் பொறுப்பு.

தள்ளிப்போடவும் முடியாது. எழுதும் புளூ-ரே வட்டு உற்பத்தியைப் பனசொனிக் 2023இல் நிறுத்தியது. சோனி 2025 பெப்ரவரியில் நிறுத்தியது. மடிக்கணினிகளில் வட்டுத் தட்டே இல்லாமல் போய்ப் பல வருடமாகிறது. வட்டு இருந்தும் வாசிக்கக் கருவி இல்லாத நாள் வரும்; அதற்கு முன் அடுத்த ஊடகத்துக்கு மாற்றுவதும் இந்தப் பொறுப்பில் அடங்கும். வட்டுகளும் ரைட்டர்களும் இன்னும் கடைகளில் கிடைக்கின்றன. வாங்கக்கூடியவர்கள் ஒரு ரைட்டரை இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள்; நாலு குடும்பம் சேர்ந்து ஒன்று வாங்கினாலும் போதும். மெமரி கார்ட்டுகளையும் பழைய கைப்பேசிகளையும் இந்த விடுமுறைக்குள் வெளியே எடுத்து, முதலில் முதியவர்கள் இருக்கும் காட்சிகளை எழுதி முடியுங்கள். ஒன்றை வீட்டில் வைத்து, மற்றதை வேறு ஊரில் இருக்கும் அக்காவிடமோ மாமாவிடமோ கொடுத்துவிடுங்கள்.